மூன்றாவது எதிரொலி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்த மாதிரி விஷயங்களை நம்புகிற ஆள் கிடையாது. தேயிலை ஃபாக்டரியில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். விளக்கு தானாக அணைந்தால் மற்றவர்கள் சாமியைக் கூப்பிடுவார்கள், நான் ஃபியூஸைப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன்தான், கர்த்தர்மேல் விசுவாசம் உண்டு, ஆனால் ஆவி, அசரீரி என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். நீங்களும் சிரித்துக்கொள்ளலாம், நான் கோபப்பட மாட்டேன். என் மனைவியே இத்தனை வருஷமாக இதற்குச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

எண்பதுகளின் ஆரம்பம். நெல்லியாளம் பக்கம் ஒரு எஸ்டேட். சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களை அங்கே வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்த காலம். எஸ்டேட்டை ஒட்டி எங்கள் கோயில், தகரக் கூரை, மழை பெய்தால் பிரசங்கம் காதில் விழாது, அதனால் மழைக்காலத்தில் எங்கள் சபையில் யாரும் தூங்கிப் பிடிபட்டதில்லை. நான்தான் அங்கே எலெக்ட்ரிக் கிடார். கோயமுத்தூரில் ஒரு மெல்லிசைக் குழு கலைந்தபோது அவர்களிடமிருந்து ஒரு எக்கோ பெட்டியை வாங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

இப்போதைய பையன்கள் காலால் மிதிக்கிற தீப்பெட்டி அளவு சாமான் இல்லை அது. சூட்கேஸ் மாதிரி இருக்கும். உள்ளே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக டேப் நாடா, முனையோடு முனை ஒட்டி வளையமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். நாடா உரசிப் போகிற முதல் ஹெட் பழைய சத்தத்தை அழிக்கும், அடுத்தது நான் வாசிப்பதைப் பதியும், அதற்கடுத்தது அதைத் திருப்பிக் கொடுக்கும். எத்தனை தடவை திருப்ப வேண்டும் என்பதற்கு ஒரு குமிழ். நான் எப்போதும் மூன்றில் வைத்திருப்பேன். ஒரு கம்பியைத் தட்டினால் அதே சத்தம் மூன்று முறை வரும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெலிந்து.

அதில் சூட்சுமம் என்னவென்றால் குறைவாக வாசிக்க வேண்டும். பத்து சுரம் போடுகிற இடத்தில் இரண்டைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும், மிச்சத்தைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். ஜனங்கள் கைதட்டுகிற வேகத்துக்கும் பெட்டியின் வேகத்துக்கும் ஒத்துப்போனால் போதும், ஒற்றைக் கிடார் கோயில் முழுக்க நிறைந்துவிடும். காத்திருக்கத் தெரியாதவனுக்கு அது கைக்கு வராது. முதல் நாள் கேட்டுவிட்டு எங்கள் பாஸ்டர், "ஏப்பா வில்சா, இது ஆராதனையா ரெக்கார்டு டான்ஸா?" என்றார். மறு வாரம் ஜெப வேளையில் மெதுவாக வாசித்தபோது அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு டான்ஸ் பேச்சு வரவில்லை.

எஸ்தர் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழுந்து எடுக்கிறவர். அம்மாவோடு ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தவர். அக்காவுக்கும் அம்மாவுக்கும் இந்தியப் பிரஜை என்று காகிதம் வந்தது, தம்பி ஜெயராஜாவுக்குச் சிலோன் பிரஜை என்று வந்தது. ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள். அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

அடுத்த கப்பலில் வந்தவர்களிடம் அவன் ஒரு ஸ்பூல் டேப் கொடுத்து அனுப்பியிருந்தான். அவர்கள் தோட்டத்துக் கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியாரின் ரெக்கார்டர் மிஷினில் பதிந்தது. அக்காவுக்காக அவனே கட்டின பாட்டு. முதலில் ஒரு சின்னச் செருமல், அப்புறம் அவன் குரல்:

கடல் கடந்து போனாலும் கைவிடாமல் காப்பார்
மலை மாறிப் போனாலும் மடியில் ஏந்திக் கொள்வார்
பாதை பிரிந்த இடத்திலே…

அதோடு நின்றுவிடும். வெறும் இரைச்சல்தான் ஓடும். மிஷின் கோளாறு, கடைசி அடி பதியாமல் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கோயிலில் ஒரு ஸ்பூல் ரெக்கார்டர் இருந்ததால் டேப் கோயில் பீரோவிலேயே இருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து, கூடையை வெளியே வைத்துவிட்டு அக்கா வருவார், நான் போட்டுக் காட்டுவேன். பாட்டு நின்ற இடத்தில் என் முகத்தைப் பார்த்துக் கேட்பார்: "பாதை பிரிஞ்ச எடத்துல என்ன தம்பி? என்ன சொல்ல வந்திருப்பான்?" எனக்கு என்ன தெரியும்? "ஏதாச்சும் நல்லதாத்தானுங்க அக்கா இருக்கும்" என்பேன்.

அவனிடமிருந்து கடிதம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இவர் எழுதியதும் திரும்பி வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறானா என்று தெரியாது. அக்கா கோயிலில் வாய் திறந்து பாடி நான் பார்த்ததில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்பார்.

இப்போது என் திருவிளையாடலுக்கு வருகிறேன். விளைச்சலில் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைக்கிற அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் எக்கோ பெட்டியில் நாடா தேய்ந்து அறுந்துவிட்டது. புது நாடாவுக்குக் கோயமுத்தூர் போக வேண்டும். பீரோவைத் திறந்தேன், ஏழெட்டு ஸ்பூல்கள், 'பழைய பிரசங்கம்' என்று எழுதின டப்பா ஒன்று. யாரும் கேட்காத பிரசங்கம் போனால் என்ன என்று எடுத்தேன். ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன், ஒட்டு விட்டுவிட்டது. இன்னொன்று வெட்டினேன், அளவு தப்பிவிட்டது. ஸ்பூல் கையிலிருந்து நழுவி உருண்டு, நாடா முழுக்கச் சிக்காகிவிட்டது. கடைசியில் ஒரு துண்டு சரியாக உட்கார்ந்தது. காலி ஸ்பூலை டப்பாவிலேயே வைத்துவிட்டு, மிச்சத்தைச் சுருட்டிக்கொண்டுபோய் ஷிஃப்டுக்குப் போகிற வழியில் ஃபாக்டரி அடுப்பில் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஆராதனைக்கு முன்னால் அக்கா வந்தார். கையில் ஒரு கூடை மேரக்காய், சவ்சவ் என்பார்களே அதுதான், காணிக்கைக்கு. "பாஸ்டர், பண்டிகை நாளு. ஆராதனை முடிய அந்த டேப்ப ஒருக்கா போடுவீங்களா?" பாஸ்டர் பீரோவுக்குப் போனார். "அது டப்பா பூஞ்சணம் பூத்துப்போச்சும்மா, பிரசங்க டப்பாவுக்குள்ளதான் மாத்தி வெச்சேன்" என்று சொல்லிக்கொண்டே திறந்தார். உள்ளே காலி ஸ்பூல்.

நான் வெட்டினது ஜெயராஜாவின் டேப். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மணி அடிக்கிற நேரம், ஜனங்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு கிடாரை மாட்டிக்கொண்டேன். கோழைத்தனம், வேறென்ன. பாஸ்டர் குழம்பிப்போய், "எங்கயும் போயிருக்காதும்மா, அப்புறமாத் தேடலாம்" என்றார். அக்கா தலையை ஆட்டிவிட்டு மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தார்.

காணிக்கை நேரத்தில் பாட்டு கிடையாது, நான் மட்டும் மெதுவாக வாசிப்பது எங்கள் வழக்கம். கேரட், முட்டைக்கோஸ், வாழைத்தார், ஒரு துணியில் முடிந்த முதல் கொழுந்து என்று ஜனங்கள் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே காலை வெயில், பட்டப்பகல், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கை தானாக ஜெயராஜாவின் பாட்டுக்குப் போய்விட்டது. அத்தனை சனிக்கிழமை கேட்ட பாட்டு, அதுவும் அன்றைக்கு மனசு முழுக்க அதுதான் இருந்தது. முதல் அடி, இரண்டாவது அடி, பாதை பிரிந்த இடத்திலே. அதோடு கையை எடுத்துவிட்டேன். டேப் நிற்கிற இடத்தில் நின்று பழகின கை அது.

கடைசிச் சுரம் திரும்பி வந்தது, ஒன்று. இரண்டு.

மூன்றாவது வரவில்லை.

அது வர வேண்டிய இடத்தில் ஸ்பீக்கரிலிருந்து ஒரு செருமல் கேட்டது. சின்னதாக, தொண்டையில் ஏதோ இருக்கிற மாதிரி. எனக்குத் தெரிந்த செருமல். அப்புறம் ஒரு ஆண் குரல், இரைச்சல் இல்லாமல், பக்கத்தில் நின்று பாடுகிற மாதிரி:

பந்தி ஒன்று வைப்பார்.

அவ்வளவுதான். பாஸ்டர் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்து, "யாருப்பா பாடினது?" என்று கேட்டார். ஆக, நான் மட்டும் கேட்ட குரல் இல்லை அது. அக்கா மேரக்காய்க் கூடையோடு பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கூடையைக் கீழே வைத்தார். பாட ஆரம்பித்தார். முதல் அடியிலிருந்து. அந்தக் குரல் அத்தனை நாள் எங்கே இருந்ததோ தெரியவில்லை, தகரக் கூரை அதிர்ந்தது. பாதை பிரிந்த இடத்திலே என்று வந்தபோது நிற்காமல், பந்தி ஒன்று வைப்பார் என்று முடித்தார். என்னால் வாசிக்க முடியவில்லை. அழுதுகொண்டிருந்தேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

ஆராதனை முடிந்ததும் வெளியே வைத்துச் சொல்லிவிட்டேன். "அக்கா, அந்த டேப்ப நான்தானுங்க வெட்டினேன். தெரியாமப் பண்ணிட்டேன். மிச்சத்த எரிச்சும் போட்டேன்." அக்கா என்னையே பார்த்தார். "எரிச்சிட்டியா?" என்றார். காலிக் கூடையை எடுத்துக்கொண்டு லயத்து வரிசை வீடுகளுக்கு இறங்கிப் போய்விட்டார். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.

அன்று மத்தியானமே பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். அழிக்கிற ஹெட் நன்றாகத்தான் வேலை செய்தது. சரி, ஏதோ அழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். பதியாத அடி எப்படி ஒட்டிக்கொண்டிருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

நான்காவது வாரம் அக்கா ஃபாக்டரி வாசலுக்கே வந்தார். கையில் சிலோன் ஸ்டாம்ப் ஒட்டின கடிதம். முகத்தைப் பார்த்ததுமே நல்ல சேதி என்று தெரிந்துவிட்டது. "இருக்கான் தம்பி, உசுரோட இருக்கான்! வேற தோட்டத்துக்கு மாறிட்டானாம், வெலாசத்த தொலைச்சிப்புட்டு யார் யாரையோ கேட்டு எழுதியிருக்கான். அம்மாவுக்குக் காட்டிட்டு நேரா இங்கதான் வாரேன். இந்தா, நீயே படி."

படித்தேன். டேப்பில் கோளாறு எதுவும் இல்லையாம். அன்றைக்கு அவனுக்குக் கடைசி அடி கிடைக்கவில்லை, அதனால் அங்கேயே நிறுத்திவிட்டானாம். 'இப்போதுதான் அக்கா கிடைத்தது. நேற்று எங்கள் கோயிலில் காணிக்கை எடுக்கும்போது திடீரென்று வாயில் வந்தது, வெட்கம் கெட்டு எல்லார் முன்னாலும் சத்தமாகப் பாடிவிட்டேன்' என்று எழுதி, கீழே அந்த அடியை எழுதியிருந்தான். பந்தி ஒன்று வைப்பார். தேதியைப் பார்த்தேன். எங்கள் அறுப்பின் பண்டிகைக்கு மறுநாள்.

அக்கா என் தோளைத் தட்டி, "எரிச்சா எரிச்சிட்டுப் போ" என்றார். சிரித்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் தற்செயல் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் கடிதத்தின் ஓரத்தில் இடம் போதாமல் நெருக்கி இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தான். அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நான்தான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். இப்போது என்னிடம் நாடாவே தேவைப்படாத புது மாதிரி எக்கோ பெட்டிதான் இருக்கிறது, குமிழை மூன்றில்தான் வைக்கிறேன், மூன்றும் ஒழுங்காகத்தான் வருகின்றன. இருந்தாலும் ஒவ்வொரு ஞாயிறும் இரண்டாவதற்குப் பிறகு என் மூச்சு நின்றுவிடுகிறது.

அவன் எழுதியிருந்தது இதுதான்: 'பாடுவதற்குச் சற்று முன்னால் எங்கிருந்தோ ஒரு கிடார்ச் சத்தம் கேட்டது அக்கா, ஒரே ஒரு தடவை, மெலிசாக. எங்கள் கோயிலில் கிடார் கிடையாது.'