மஞ்சளாகிப்போன சபையார்

ஆர்டிஸ் ஹாக்ஸ்டாடுக்கு அந்த வட்டாரத்தில் தெரியாத முகம் கிடையாது. வடக்கு டகோட்டாவின் மண் சாலைகளில் முப்பத்தொரு வருஷம் தபால் வண்டி ஓட்டியவள். ஓய்வு பெற்றதும் ஒரு நல்ல கேமரா வாங்கினாள். அவள் போகும் லூத்தரன் கிறிஸ்தவ சபையார் எல்லாரையும் குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துப் புத்தகமாகப் போட்டுத் தந்த கம்பெனி, “உங்க சபை ரொம்பச் சின்னது” என்று கைவிரித்தபோது, “நான் எடுக்கறேன்” என்று எழுந்து நின்றது அவள்தான்.

அறுபத்து நாலு குடும்பம். கோயிலின் கீழ்த்தளத்தில் பின்னணிக்குச் சாம்பல் நிறத் துணியைத் தொங்கவிட்டு ஒரே மாதத்தில் எடுத்து முடித்தாள். திருத்தும் வேலையை வீட்டில் வைத்துக்கொண்டாள். மானிட்டர், புருஷன் மெர்லின் வேலை பார்த்த தானியக் கிடங்கு ஆபீசில் கழித்துக் கட்டியது. அதில் எல்லா முகமும் உறைந்த ஏரிக்குள் விழுந்து எழுந்ததுபோல் நீலம் பாய்ந்து தெரிந்தது. பாவம் என்று ஒவ்வொரு முகத்துக்கும் கொஞ்சம் கதகதப்பு ஏற்றினாள்.

மாதிரிக்கு அச்சடித்த பத்துப் படங்கள் வந்தன. ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடிக்கும் மேசையில், உறையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பெருமையாக வைத்தாள். ஆளுக்கொன்றாக உருவிப் பார்த்தார்கள். எல்லா முகமும் மஞ்சள்.

“என்ன ஆர்டிஸ், எனக்குக் காமாலைன்னு டாக்டருக்கு முன்னாடியே நீ கண்டுபிடிச்சிட்டியா?” என்றான் ஆர்வில் பிரெக்கி.

“நான் மஞ்சக் கடுகுச் சாஸ் பாட்டிலுக்குள்ள விழுந்து எழுந்தவ மாதிரி இருக்கேன்” என்றாள் கிளாரிஸ்.

“அப்படிச் சொல்லாதீங்க. எல்லாரும் ஒரே நிறமாயிட்டோம், அதுவும் ஒரு ஒற்றுமைதானே!” என்று போதகர் கிறிஸ்டின் சமாளிக்கப் போக, அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் ஒன்றாக வெடித்தது. ஆர்டிஸும் கூடச் சிரித்தாள். ஆனால் காது மடல் சிவந்துவிட்டது. லெஃப்ஸெ என்ற உருளைக்கிழங்கு ரொட்டியில் ஒரு துண்டுகூட எடுக்காமல் படங்களை வாரிக்கொண்டு கிளம்பினாள்.

திங்கள் காலை, அச்சுக்கூடத்துக்குப் போன் போட்டுக் காய்ச்சி எடுத்துவிடுவது என்று உட்கார்ந்தாள். எடுத்தவர் டெஸ்மண்ட் என்ற நிதானமான ஆசாமி.

“மேடம், நீங்க அனுப்பின நிறத்தைத்தான் அச்சடிச்சோம். மானிட்டரைக் கடைசியா எப்ப காலிபிரேட் பண்ணீங்க?”

“போன வாரம்கூடத் துடைச்சேனே.”

அந்தப் பக்கம் சின்னதாக ஓர் இருமல். பிறகு பொறுமையாக விளக்கினார். காலிபிரேட் என்றால் துடைப்பதல்ல, திரையின் நிறத்தை அளந்து சரிசெய்வது. திரை நீலமாக இருந்தால் அதை ஈடுகட்டப் படத்தில் மஞ்சளை ஏற்றுவோம், காகிதத்தில் அந்த மஞ்சள் மட்டும் மிஞ்சும். “பக்கவாட்டிலேர்ந்து பாத்தாலும் நிறம் மாறாத திரையா எடுங்க. பளபளப்பு வேண்டாம். நிறத்தை அளக்கற கருவி ஒண்ணும் சேத்து வாங்குங்க. அது இல்லாட்டி எவ்வளவு நல்ல மானிட்டரும் குத்துமதிப்புதான்.”

புதன்கிழமை மெர்லினையும் ஏற்றிக்கொண்டு ஃபார்கோ நகரத்துக்கு வண்டியை விட்டாள். கடை முழுக்கக் கிளிப் படமும் பழப் படமுமாகத் திரைகள் ஜொலித்தன. விற்பனைக்காரர் அவளை வளைந்த திரை ஒன்றின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். “கேம் ஆடறப்ப எவ்வளவு வேகமா ஓடினாலும் படம் கொஞ்சம்கூட மங்காது மேடம்.”

“நான் எடுத்தவங்க யாரும் ஓடலையேப்பா. கண்ணைக்கூடச் சிமிட்டல.”

பென் டிரைவில் மெர்லினின் படத்தைக் கொண்டுவந்திருந்தாள். மூன்று மானிட்டரில் அதைப் போடச் சொல்லி, மெர்லினைப் பக்கத்தில் நிறுத்தினாள். தானே குந்தி உட்கார்ந்தும், சாய்ந்தும், எட்டி நின்றும் பார்த்தாள். கூட்டம் கூடிவிட்டது. “நடுவுல இருக்கறதுதான் அசல்!” என்றாள் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருத்தி.

“அசலே இந்த விளக்கு வெளிச்சத்துல பச்சையா இருக்காரு” என்றார் இன்னொருவர்.

“நான் கொஞ்சம் உக்காரலாமா?” என்றார் மெர்லின்.

கடை வெளிச்சத்தில் நிறத்தைத் தீர்மானிக்க முடியாது என்பது புரிந்தது. ஆனால் குந்தினபோதும் சாய்ந்தபோதும் முகம் மாறாத திரை எது என்று தெரிந்துவிட்டது. இருபத்தேழு அங்குலம், மங்கலாக, யாரும் சீந்தாமல் கீழ்த்தட்டில் இருந்தது. அதையும், கணினி எலி சைஸில் ஓர் அளவுக் கருவியையும் வாங்கினாள்.

வீட்டில் திரையை அரைமணி நேரம் எரியவிட்டுச் சூடாக்கி, ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடி, கருவியைத் திரையின் நடுவில் தொங்கவிட்டாள். முதல் வேலையாக அது வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் குறைக்கச் சொன்னது. அப்புறம் அதன் கீழே சிவப்பு, பச்சை, நீலம், பல தினுசு சாம்பல் என்று நிறங்கள் மாறி மாறி வந்தன. மெர்லின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பிரசங்கம் கேட்பதுபோல் பார்த்தார்.

முடிந்ததும் திரை பழைய செய்தித்தாள் மாதிரி மங்கி மஞ்சளாகிவிட்டது.

“அடக் கடவுளே! கெடுத்துட்டியா?” என்றார் மெர்லின்.

ஆர்டிஸுக்கும் அதே சந்தேகம். அச்சுக்கு அனுப்பிய ஆர்வில் பிரெக்கியின் படத்தைத் திறந்தாள். அச்சில் வந்த ஆர்வில்லை எடுத்து, வெள்ளை விளக்கின் அடியில், திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டு ஆர்வில்லும் ஒரே மஞ்சள்.

“மெர்லின், இங்க பாரு! இவ்வளவு நாளா நான் என்ன பண்ணியிருக்கேன்னு இப்பதான் தெரியுது!” கண்ணில் நீர் வரச் சிரித்தாள். காகிதத்தில் வரப்போவதைத் திரையே முன்கூட்டிச் சொல்கிறதே, வேறென்ன வேண்டும்? இரண்டு நாளில் கண்ணும் பழகிவிட்டது. அறுபத்து நாலு குடும்பத்தையும் முதலிலிருந்து திருத்தினாள்.

இந்தத் தடவை அச்சு வந்ததும் உறையைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் காபி மேசைக்குக் கொண்டுபோனாள். கிளாரிஸ் தன் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். “இது நான்தான். என் ஸ்வெட்டரும் அதே ஸ்வெட்டர்தான்” என்றாள். அவள் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வந்து யாரும் கேட்டதில்லை.

ஆர்வில் மட்டும் முகம் சுளித்தான். “என் மூக்கு இவ்வளவு சிவப்பா?”

“நாப்பது வருஷமா அப்படித்தான் இருக்கு” என்றாள் அவன் மனைவி. “பெரிய சைஸ்ல ஒண்ணு போட்டுக் குடு ஆர்டிஸ், கூடத்துல மாட்டணும்.”

புத்தகம் வந்த மறுவாரம் பக்கத்து ஊர் கத்தோலிக்கக் கோயிலிலிருந்து போன் வந்தது. நூற்று நாற்பது குடும்பமாம். ஆர்டிஸ் காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பனி உருகட்டும், வந்துடறேன்” என்றாள். மெர்லின் கோட்டை மாட்டிக்கொண்டு, அந்தச் சாம்பல் துணியை இப்போதே வண்டியில் போட்டுவைக்க எழுந்து போனார்.