டோக்கன் மேடம் ஊர் பார்க்கப் போனது

பல் மருத்துவமனையில் அவளை எல்லோரும் டோக்கன் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலை ஒட்டிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, கன்னம் வீங்கி வருகிறவர்களுக்கும் வீங்காமலே அலறுகிறவர்களுக்கும் ஒரே முகத்தோடு எண் போட்ட அட்டையைக் கொடுப்பது அவள் வேலை. அட்டை வாங்கியவர் தன் முறை வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். "ஒரு வார்த்தை டாக்டர்கிட்ட பேசிட்டு வந்துடறேன்" என்று நழுவப் பார்த்த பெரிய மனிதர்கள் பலரை அவள் வெறும் பார்வையாலேயே நாற்காலிக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். டாக்டருடைய மாமனாரே ஒருமுறை பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் காத்திருந்தார். மருமகன் எட்டிப் பார்த்து, "என்ன மாமா, இங்க உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டபோது, "மெதுவா பேசுங்க மாப்பிள்ளை, அந்தம்மா காதுல விழுந்துடப் போகுது" என்றாராம்.

இந்த நேர்மையால் மருத்துவமனையில் அவளுக்கு நல்ல பெயர். வீட்டில்தான் வினையாகிப் போனது.

அவர்கள் இருந்தது இரண்டு மாடி வீடு. கீழே கணவனின் அண்ணன் குடும்பம், மேலே இவர்கள். அண்ணன் பெயிண்ட் கம்பெனிக் கிடங்கின் மேலாளர். அவர் மனைவி, அதாவது இவளுடைய ஓரகத்தி, திரைச்சீலைக் கடையில் விற்பனை பார்ப்பவள். ஜன்னலே இல்லாத வீட்டுக்காரரிடமும் திரைச்சீலையை விற்றுவிடக்கூடிய வாய் அவளுக்கு. அப்படிப்பட்டவள் ஒருநாள் கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறிக்க மருத்துவமனைக்கு வந்து நின்றாள். டோக்கன் மேடம், அதாவது அந்த வீட்டுக்குச் சின்னவள், நிமிர்ந்து பார்த்தாள். மனம் இளகத்தான் செய்தது. ஆனால் கை, பழக்க தோஷத்தில், அட்டையை எடுத்து நீட்டிவிட்டது.

ஓரகத்தி அந்த அட்டையைப் பார்த்தாள். எண்ணைப் பார்த்தாள். சுற்றிலும் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து போய் வேறு டாக்டரிடம் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. "மோட்டார் ஓடிட்டே இருக்கு, யாராவது நிறுத்தினா தேவலை" என்று கீழிருந்து ஒரு குரல் வரும். "தொட்டி இன்னும் ரொம்பலைன்னு தெரிஞ்சவங்க சொல்லட்டும்" என்று மேலிருந்து ஒரு குரல் போகும். நடுவில் மாடிப்படிதான் தபால்காரன்.

இந்த நிலையில்தான் குளிர்கால விடுமுறை நெருங்கியது. "இந்த வருஷம் எல்லாரும் சேர்ந்து பெரிய நகரத்துக்குப் போய்ச் சுத்திப் பார்த்துட்டு வர்றோம்" என்று மூத்தவர் அறிவித்தார். ஒரு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் அவர் கிடங்கு மேலாளர். ஆணி வாங்குவதென்றாலும் கூட்டம் போட்டுப் பழகியவர். கீழ்வீட்டுக் கூடத்தில் ஆபீஸ் பலகை ஒன்றைக் கொண்டுவந்து சாய்த்து, அதன் தலையில் 'நோக்கம்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

முதல் கூட்டம் முழுக்க நோக்கத்திலேயே போனது. "நாம எதுக்குப் போறோம்கிறதுல நமக்கு ஒரு தெளிவு வேணும்" என்றார் மூத்தவர்.

"ஊர் பார்க்கத்தான் மாமா" என்றாள் சின்னவள்.

"அது செயல்மா. நான் கேக்கறது நோக்கம்."

சின்னவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அந்த நகரத்தின் நடுவே ஓர் உயர்ந்த கோபுரம் உண்டு. அதன் உச்சிக்கு ஏறினால் நகரம் மொத்தமும் காலடியில் விரிந்து கிடக்கும் என்பார்கள். நாளெல்லாம் வாய்க்குள்ளே எட்டிப் பார்க்கிறவர்களின் நடுவே உட்கார்ந்திருந்த அவளுக்கு, ஒருதரமாவது தூரமாய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. இதை நோக்கமென்று சொல்லலாமா என்று தெரியாததால் சொல்லவில்லை.

எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது என்று கேட்டால், "எனக்கு எதுன்னாலும் சரி" என்று ஒவ்வொருவரும் பெருந்தன்மையாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்ன வாய் மூடுவதற்குள், முன்வைத்த இடம் தனக்கு ஏன் ஆகாது என்பதை விளக்கினார்கள். பூங்கா என்றால் குளிர். அருங்காட்சியகம் என்றால் கால் வலி. கடைத்தெரு என்றால் கூட்டம். சின்னவளின் கல்லூரி போகும் மகள் கைபேசியிலிருந்து தலையை எடுக்காமலே எல்லா இடங்களையும் "போர்" என்ற ஒற்றைச் சொல்லால் தள்ளுபடி செய்தாள்.

கடைசியில் மூத்தவரே திட்டத்தைத் தீட்டி, கம்பெனியின் வண்ண அட்டையைப் பார்த்து நிறம் கொடுத்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். பார்க்க வேண்டிய இடங்கள் மாம்பழ மஞ்சள். சாப்பாடு செங்கல் சிவப்பு. ஓய்வு கடல் நீலம். கழிப்பறைக்கும் ஒரு பழுப்பு ஒதுக்கியிருந்தார்.

"அருங்காட்சியகத்துல முக்கால் மணி நேரம்தான். அதுக்கு மேல பார்த்தா மனசுல நிக்காது" என்றார்.

"பழுப்பு வர்றதுக்கு முன்னாடியே அவசரம் வந்தா?" என்று ஓரகத்தி கேட்டாள்.

"திட்டத்தைப் பின்பற்றினா வராது."

டிக்கெட் எடுத்தாயிற்று. ரத்து செய்தால் எதுவும் திரும்பி வராது என்ற வகை டிக்கெட். அதுதான் அவர்களை ஒன்றாகக் கட்டி வைக்கும் என்பது மூத்தவர் கணக்கு. சின்னவள் டாக்டரிடம் நின்று, விடாப்பிடியாக விடுப்பு வாங்கினாள். தனக்குப் பதில் உட்காரும் பெண்ணுக்கு, யார் எப்படிக் கெஞ்சுவார்கள், எதற்கும் இளகக் கூடாது என்றெல்லாம் பாடம் நடத்தினாள். கையுறைகூட வாங்கிவிட்டாள்.

புறப்படுவதற்கு முந்தின வாரம், ரயில் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பும் என்று செய்தி வந்தது. மற்றவர்கள் 'சரி, நிதானமா சாப்பிட்டுக் கிளம்பலாம்' என்று நினைத்தார்கள். மூத்தவர் குளிர்சாதனப் பெட்டியின் முன் போய் நின்றார். மஞ்சள் எல்லாம் நகர்ந்து சிவப்பின் மேல் ஏறின. பழுப்பு ஒன்று கோபுரத்தின் உச்சியில் போய் விழுந்தது. வெகுநேரம் அப்படியே நின்றவர், இடிந்துபோய்த் திரும்பினார்.

"எல்லாம் குலைஞ்சு போச்சு. இனி போறதுல அர்த்தமில்லை."

"ரயில் ஓடுது இல்ல மாமா, போகலாமே" என்றாள் சின்னவள்.

"திட்டம் இல்லாம போறதுக்குப் பேரு பயணம் இல்லம்மா, அலைச்சல்."

அண்ணன் கழன்றுகொண்டதும் தம்பிக்குத் தைரியம் வந்தது. மின் அலுவலகத்தில் கணக்கர் வேலை பார்க்கும் அவள் கணவன், இந்தக் கூட்டங்கள் நடந்த காலமெல்லாம் அந்த நகரத்தைப் பற்றிய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருந்தான். எந்தத் தெருமுனையில் எந்தக் கடை என்பது வரை அத்துப்படி.

"எனக்கு என்னமோ போயிட்டு வந்த மாதிரியே இருக்கு" என்றான். "கோபுரத்துல ஏறினா இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் பழைய நூலகம். அதான் பார்த்தாச்சே. போதாததுக்கு அங்க குளிர் வேற."

"வீடியோலயே குளிருதா உங்களுக்கு?"

"தொண்டை கட்டியிருக்கு பாரு" என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினான். நேற்றுவரை நன்றாக இருந்த தொண்டை அது.

மகள் இன்னும் நாசூக்காக விலகினாள். "நான் வந்தா உங்களுக்குத்தான்மா தொந்தரவு. நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க." அம்மாவின் நிம்மதியில் அவளுக்கு இருந்த அக்கறை அன்றுதான் முதல்முறையாக வெளியே தெரிந்தது. அவள் தோழிகளோடு அதே நகரத்துக்குப் போகப் பேசி வைத்திருந்தாள் என்பது பிற்பாடு தெரிந்த விஷயம்.

சின்னவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. பையை எடுத்து வெளியே வைத்துவிட்டு, மாடிப்படியின் மேல் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "நான் போறேன்."

கீழிருந்து ஒரு குரல் சுவரிடம் சொன்னது: "யாராவது போறதா இருந்தா, என் பையும் கட்டித்தான் இருக்கு."

இப்படியாக, பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒரே ரயிலில் அடுத்தடுத்த இருக்கையில் போனார்கள். எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவரை வைத்துத்தான் பேச்சே நடந்தது. "அவங்களுக்கு ஜன்னலோரம் வேணுமான்னு கேளுங்க சார்." "வேணாம், காத்து அடிக்குதுன்னு சொல்லுங்க சார்." அவரும் பொறுமையாகக் கொஞ்ச தூரம் தூது போனார். பிறகு, "ரெண்டு பேரும் தோள் இடிக்க உட்கார்ந்திருக்கீங்க. எனக்குத்தான்மா காது கொஞ்சம் மந்தம், உங்களுக்குமா?" என்று கேட்டுவிட்டு, மேல் படுக்கைக்கு ஏறிப் போர்த்திக்கொண்டார்.

தூதரும் போனபின் வேறு வழியில்லை. "பிஸ்கட் இருக்கு" என்றாள் ஓரகத்தி. "ம்" என்றாள் சின்னவள். அன்றைய உறவு அவ்வளவில் நின்றது.

மறுநாள் காலை கோபுரத்துக்குப் போனார்கள். நகரத்துக் குளிர் கையுறையைச் சட்டை செய்யவில்லை. கோபுரத்தின் அடியில் தொடங்கிய வரிசை, தெருவோடு நீண்டு, ஒரு வங்கியையும் ஒரு செருப்புக் கடையையும் தாண்டிப் போயிருந்தது. சின்னவள் போய்க் கடைசியில் நின்றுகொண்டாள். அவளுக்கு அதில் ஒரு திருப்திகூட. ஒழுங்கான வரிசை.

ஓரகத்தி கொஞ்ச நேரம் காலை மாற்றி மாற்றி நின்றாள். பிறகு, முதல்முறையாக நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நீ நின்னுக்கிட்டே இரு. நான் கூப்பிட்டா வா. வரும்போது கன்னத்தைப் பிடிச்சுக்க."

"எதுக்குக்கா?"

"பிடிச்சுக்கன்னா பிடிச்சுக்க."

முன்னால் போனவள் வாயிற்காவலரிடம் என்ன பேசினாளோ தெரியவில்லை. ஆனால் கை காட்டினாள், தலையை ஆட்டினாள், நெஞ்சில் கை வைத்தாள். கடையில் விலை கூடிய துணியை விற்கும்போது செய்வதெல்லாம் செய்திருப்பாள். காவலரின் முகம் மெல்ல இளகியது. ஓரகத்தி கையசைத்தாள்.

சின்னவளுக்குக் கால் எழவில்லை. எத்தனை பேரை உட்கார வைத்திருக்கிறாள். ஆனால் குளிர் முதுகெலும்புவரை ஏறியிருந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, யார் கண்ணையும் பார்க்காமல், செருப்புக் கடையைத் தாண்டி, வங்கியைத் தாண்டி நடந்தாள். "பாவம், பல் வலியாம்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதைவிட அவமானம், அது கேட்க இதமாக இருந்தது.

மின்தூக்கியில் உச்சிக்குப் போய்க் கதவு திறந்தது. வெள்ளை. ஆறு இல்லை, நூலகம் இல்லை, நகரமே இல்லை. கண்ணாடிக்கு அப்பால் பனிமூட்டம், துவைத்துக் காயப்போட்ட துணியைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தால் மூக்குத்தான் தெரிந்தது.

இருவரும் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்ல துணி" என்றாள் ஓரகத்தி. "வெளிச்சம் கொஞ்சமும் உள்ள வராது."

சின்னவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஓரகத்தியும் சேர்ந்துகொண்டாள். பக்கத்தில் நின்றவர்கள் ஒதுங்கி நின்று பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓரகத்தி சொன்னாள்:

"அன்னிக்கு என்னை முன்னாடி விட்டிருக்கலாம்."

"விட்டிருக்கலாம்தான்க்கா."

"விட்டிருக்க மாட்டே."

"மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டாள் சின்னவள். "ஆனா பக்கத்துல வந்து உட்கார்ந்திருக்கலாம். அதுகூட செய்யலை."

ஓரகத்தி அவள் கழுத்துக் கம்பளியை இழுத்துச் சரியாகச் சுற்றிவிட்டாள்.

கீழே இறங்கியதும் சின்னவளுக்கு மனசு உறுத்தியது. வரிசையோடு நடந்து, "மேல ஒண்ணும் தெரியலைங்க, ஒரே பனி" என்று ஒவ்வொருவரிடமாகச் சொன்னாள். ஒருவரும் நகரவில்லை. "நீங்க பார்த்துட்டீங்க இல்ல, அப்புறம் என்ன வேணாலும் சொல்லலாம்" என்றார் ஒருவர். அவருக்குப் பின்னால் நின்றவர் இன்னும் நெருங்கி நின்றுகொண்டார்.

மிச்ச நாட்கள் எந்த நிறமும் இல்லாமல் கழிந்தன. எங்கே போகிறது என்று கேட்காமல் பஸ் ஏறினார்கள். அருங்காட்சியகத்தில் முக்கால் மணி நேரத்தை எப்போதோ தாண்டிவிட்டார்கள். காரணம், ஏதோ ஓர் அரசரின் படுக்கையறையில் திரைச்சீலை கோணலாகத் தொங்குவதை ஓரகத்தி கண்டுபிடித்து, அதைப் பற்றி அங்கிருந்த அதிகாரியிடம் விளக்கிக்கொண்டிருந்ததுதான். சின்னவள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, அந்த அதிகாரி தப்பிக்க வழி தேடுவதை ரசித்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பியபோது ஆண்கள் இருவரும் சௌக்கியமாக இருந்தார்கள். தொண்டை, ரயில் கிளம்பிய அன்றே சரியாகிவிட்டதாம். சின்னவள் மருத்துவமனையில் முன்னைவிடக் கண்டிப்பானாள். பொய்யாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் நடை எப்படி இருக்கும் என்பது இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரர் வந்திருந்தார். அவரும் குடும்பத்தோடு அந்த நகரத்துக்குப் போவதாக இருந்தார். மூத்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். எந்த வாசல் வழியாகப் போவது, எந்தப் பக்கம் நிற்பது, எவ்வளவு நேரம் பார்த்தால் மனதில் நிற்கும் என்றெல்லாம் சொன்னார். நடுநடுவே தம்பியும் தெருக்களின் பெயரை எடுத்துக்கொடுத்தான்.

"கோபுரத்து மேல போய் நின்னா, ஆறு அப்படியே வெள்ளிக் கம்பி மாதிரி தெரியும் பாருங்க. நூலகத்துக் கூரைகூடத் தெரியும்" என்றார் மூத்தவர்.

பக்கத்து வீட்டுக்காரர், டீ கொண்டுவந்த ஓரகத்தியிடம் திரும்பினார். "பனி இருக்கும்னாங்களே, நீங்க போனப்போ எப்படி?"

"நாங்க போன அன்னிக்கு ஒண்ணும் தெரியலை" என்றாள் ஓரகத்தி, தட்டை நீட்டியபடி. "அவர் போகாத அன்னிக்குத்தான் பளிச்சுன்னு இருந்திருக்கு."

மூத்தவர் டீயை எடுத்துக்கொண்டு, அடுத்து அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.