பெரியம்மாவின் மிளகாய்த்தூள்

பிரான்சின் லியோன் நகரில் படித்தபோது ஓர் உணவகத்தில் மிளகாய்த்தூள் கேட்டேன். சமையல்காரன் முறைத்துவிட்டு என் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவனைத் திட்டாத நாளில்லை. ஆனாலும் அந்த ஊர்ச் சமையலை விடாமல் பழகிக்கொண்டேன்.

போன மாதம் சிட்னியில், எங்கள் ஹோம்புஷ் வீட்டுக்கு மனைவியின் பெரியம்மா வந்தார். காலையிலிருந்து பாடுபட்டு வைனில் வேகவைத்த கோழியைப் பரிமாறினேன். ருசிகூடப் பார்க்காமல் கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் போத்தலை எடுத்தார்.

"தூள் போடுறதெண்டால் இதைச் சாப்பிட வேண்டாம்," என்று தட்டை இழுத்துவிட்டேன்.

"நான் சாப்பிட வந்தனான் தம்பி, சோதினை எழுத வரேல்லை."

போத்தலை மூடிக்கொண்டு எழுந்து போனார். மனைவியும் பின்னாலேயே போய்விட்டாள். தட்டு என் கையிலேயே இருந்தது.

லியோன்காரனைத் திட்ட இனி எனக்கு வாயில்லை. அந்தக் கோழியைத் தனியாக இருந்து சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால், உறைப்புப் போதவில்லை.