இரண்டு கட்டிலுக்கு நடுவில் நின்றவர்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அடையாறில் ஒரு மருத்துவமனையில் என் நுரையீரலிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். அக்குளிலிருந்து முதுகு வரை கிழித்து, விலா எலும்புகளை விரித்துச் செய்யும் பழைய முறை. பக்கத்துக் கட்டில்காரருக்கும் கட்டிதான். அவருக்குப் புதிதாக வந்த கேமரா முறையில் மூன்று சின்ன ஓட்டைகளோடு முடிந்துவிட்டது. மூன்றாம் நாளே அவர் வராந்தாவில் நடந்தார். நான் புரண்டு படுக்கவே ஆள் வேண்டியிருந்தது.

வார்டு உதவியாளர் குள்ளமானவர், நரைத்த மீசை. நெஞ்சில் சளி தங்கக் கூடாதென்று தினமும் காலையில் எங்களை இரும வைப்பது அவர் வேலை. உள்ளங்கையைக் காக்கிச் சட்டையில் தேய்த்துச் சூடாக்கி, காயத்தின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இருமு நைனா" என்பார்.

ஒருநாள் முதலில் பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவருக்கு மூணு ஓட்டைதானே? அவருக்கு என்ன அவசரம்?"

"வலி உனுக்குத்தான் ஜாஸ்தி, இல்லேங்கல. ஆனா உன்னப் பாக்க ஊரே வருது. இவுரு நல்லா நடக்கிறாருன்னு வூட்ல ஒருத்தரும் வர்ல. இருமவே பயந்துகினு கீறாரு."



மறுநாள் உதவியாளர் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று, ஆளுக்கொரு உள்ளங்கையை வைத்தார். இருவரும் ஒன்றாக இருமினோம். எந்தக் கைக்குக் கீழே நெஞ்சு அதிகம் நடுங்கியது என்று அவரைக் கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியம் வரவில்லை.