ஜாஸ்மி வெளியிடாத திருத்தம்

ஜாஸ்மி நாள் முழுக்க என்ன செய்கிறாள் என்று திருவட்டாற்றில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டர் வேலை என்பார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும். கணவன் அனீஷுக்குத் தோஹாவில் வேலை. மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிடுவார்கள், அரை மணிக்குள் முடிந்துவிடும். மற்ற ஆறு நாளும் அந்த மாடி வீட்டில் அவள் ஒருத்திதான்.

முன்பு திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். கிருமிகளின் மரபணுவை அலசுகிற இடம். அலசலைப் படிப்படியாக எழுதிக் கணினிக்குக் கொடுக்க வேண்டும்: முதலில் குப்பையைக் கழி, பிறகு ஒப்பிடு, பிறகு எண்ணு. ஒரு படி எழுதிவைக்கும் கோப்பை அடுத்த படி எடுத்துக்கொள்ளும். ஓர் எழுத்து பிசகினால் நாள் கணக்கில் ஓடியது வீண். அந்தத் தொல்லை பொறுக்காமல்தான், இதையெல்லாம் எழுதுகிற மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு எக்ஸ்டென்ஷனைச் செய்தாள். பாதி எழுதும்போதே மீதியை எடுத்துக்கொடுக்கும். தப்பு இருந்தால் அடியில் சிவப்புக் கோடு போடும். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். வேலையை விட்டு வந்த பிறகும் அதை மட்டும் அவள் விடவில்லை.

நன்றாக ஓடுகிற சாமானைப் பற்றி யாரும் கடிதம் எழுதுவதில்லை. ஆகவே அவளுக்கு வருவதெல்லாம் குறை சொல்கிற கடிதம். நந்தனாவும் அப்படி வந்தவள்தான். ஐதராபாத்தில் இறால் நோயைப் பற்றி ஆராய்கிற மாணவி. இரண்டு படிகள் ஒரே பெயரில் கோப்பை எழுதினால் ஒன்று மற்றதை அழித்துவிடுகிறது, ஆனால் சிவப்புக் கோடு வருவதில்லை என்று எழுதியிருந்தாள். சொந்த ஊர் பக்கத்திலுள்ள சிதறால் என்பது இரண்டாவது கடிதத்தில் தெரிந்தது. மூன்றாவதில் ‘மேடம்’ போய் ‘அக்கா’ வந்தது.

அதன்பின், கோடு வராத அந்தத் தப்பைப் பிடிக்க வாராவாரம், “ஒருதடவை கண்ணால் பார்த்துச் சொல்லுங்க அக்கா” என்று தான் எழுதியதை அனுப்புவாள். ஜாஸ்மி வரி வரியாகப் பார்த்துக் கொடுப்பாள். நந்தனாவின் கடிதத்துக்கு அடியில் நாலு வரி இருக்கும்: அங்கே மழை உண்டா, சிதறால் மலைமேல் ஏறி எத்தனை வருஷமாயிற்று, இங்கே சோறு வாயில் வைக்க முடியவில்லை. அந்த நாலு வரிக்குப் பதில் எழுத ஜாஸ்மிக்கு ஒரு முற்பகல் பிடிக்கும்.

அந்தக் குறைக்கான திருத்தத்தை ஜாஸ்மி மூன்று வாரத்துக்கு முன்பே எழுதி முடித்துவிட்டாள். பதினோரு வரி. சோதித்தும் பார்த்தாயிற்று. பொத்தானை அழுத்தி வெளியிட வேண்டியதுதான் பாக்கி. வெளியிட்டால் தப்பைச் சிவப்புக் கோடே காட்டிவிடும், நந்தனாவுக்கு எழுத ஒன்றும் இருக்காது. “இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது” என்று பதில் போட்டாள். அடுத்த வாரமும் அதையே.

வியாழக்கிழமை காலையில் கடிதம் வந்தது. “அக்கா, அவசரத்தில் உங்களுக்கு அனுப்பாமலே ஓட்டிவிட்டேன். இரண்டு பண்ணையின் முடிவும் ஒரே பெயரில் எழுதி, முதலாவது அழிந்துபோய்விட்டது. நாலு நாள் ஓடியது. பொதுக் கணினியில் மறுபடி முறை கிடைக்க இரண்டு வாரம் ஆகும். திங்கட்கிழமை ஆய்வுக் குழுவுக்கு முன்னால் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. தப்பு என்னுடையதுதான். நீங்கள் எவ்வளவோ பார்த்துக் கொடுத்தீர்கள்.”

ஜாஸ்மி மடிக்கணினியை மூடிவிட்டு அடுக்களைக்குப் போனாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

பதினொன்றரைக்கு வாசலில் ஹாரன். இனயம் கடற்கரையிலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவரும் ஞானசெல்வி.

“ஏட்டி ஜாஸ்மி, நல்ல சாளை உண்டு. எடுக்கியா?”

“அர கிலோ போடுங்க செல்வியக்கா.”

“ஒத்தைக்கு இரிக்க உனக்கு இவ்வளவு மீனா? உள்ள யாரயும் ஒளிச்சு வச்சிருக்கியா?”

ஜாஸ்மி சிரித்தாள். அன்றைக்கு அவள் ஒருவரோடு பேசியது அப்போதுதான்.

“பெட்டிக்குக் கொஞ்சம் ஐஸ் கிட்டுமா மக்கா?”

“பிரிட்ஜில இரிக்கும், எடுத்துக்கிடுங்க.”

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. அதற்குள் செல்வி உள்ளே போய் மேல்கதவைத் திறந்துவிட்டாள். சனிக்கிழமை வாங்கிய நெத்திலி, திங்கட்கிழமை அயிலை, செவ்வாய்க்கிழமை கிளாத்தி, எல்லா மீனும் பிரிக்காமல் அப்படியே இருந்தது. செல்வி கட்டிக்கொடுத்த பை, செல்வி போட்ட முடிச்சு.

“நீ மீனுக்கு வேண்டியா என்னைக் கூப்பிடுக?”

ஜாஸ்மி ஐஸ் தட்டை உருவி நீட்டினாள்.

“பேச்சுக்குன்னா பேச்சுக்குன்னு சொல்லணும். எனக்க மாப்பிள கடல்ல கெடந்து பிடிச்சிட்டு வாற மீனு. நீ இப்பிடிப் பொணமாட்டு அடுக்கி வைக்கவா?” அரைக் கிலோ சாளையைத் திரும்பவும் பெட்டிக்குள் போட்டாள். “இது இன்னைக்கு உனக்கு இல்ல.” ஐஸை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

ஜாஸ்மி மேசைக்கு வந்து பொத்தானை அழுத்தினாள். ஒரு நிமிஷத்தில் புதிய பதிப்பு போய்விட்டது. பிறகு நந்தனாவுக்கு எழுதினாள்: “தப்பு உன்னுடையது இல்லை. திருத்தம் மூன்று வாரமாக என் கையில் தயாராக இருந்தது. வெளியிட்டால் நீ எழுதமாட்டாய் என்று வைத்துக்கொண்டிருந்தேன். இதை உன் பேராசிரியரிடம் காட்டு.” மூன்றாவது வாக்கியத்தை இரண்டுதடவை அழித்தாள். அது இல்லாவிட்டால் மற்றது பொய்யாகத் தெரிந்தது. திரும்ப எழுதி அனுப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை காலையில் வந்தது. “புதிய பதிப்பு சரியாக வேலை செய்கிறது. உங்கள் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு வாரம் தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். நன்றி மேடம்.”

அடியில் வேறு வரி உண்டா என்று தள்ளிப் பார்த்தாள். இல்லை. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

ஹாரன் கேட்டு வாசலுக்குப் போனாள்.

“மீன் வேண்டாம் செல்வியக்கா.”

“பின்ன?”

“பேச்சுக்குத்தான்.”

செல்வி வண்டியை அணைக்காமலே அவளைப் பார்த்தாள். “இன்னைக்கு ஒக்காது மக்கா. குலசேகரத்துல கல்யாண வீட்டுக்குக் கொண்டு போணும். செவ்வாக்கிழமை வாறேன், சாயா போட்டு வை. பிரிட்ஜில உள்ளத மொதல்ல கறி வச்சுத் தின்னு.”

ஸ்கூட்டர் வளைவில் திரும்பியது. ஜாஸ்மி உள்ளே வந்து, போன சனிக்கிழமை நெத்திலியை வெளியே எடுத்தாள். முடிச்சு உறைந்து இறுகியிருந்தது. கத்தியால் அறுத்து, மீனைச் சட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள்.