பெரும்பாறையில் மிளகு விலை ஏறுகிறது

பழனி மலைப் பக்கத்துப் பெரும்பாறையில் எனக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை. "அங்கிட்டு சண்டை எப்படிக் கெடக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் பிறந்து, அப்பாவின் சீமையில் பிழைக்கலாமென்று வந்து மிளகுத் தோட்டம் வாங்கியவன் நான். இந்தோனேசியாவும் மலேசியாவும் முட்டிக்கொள்வது எனக்கு அத்துப்படி என்று ஊரே நம்புகிறது. நானும் மழை நிலவரம்போல் சொல்லிவைப்பேன்: "இன்னிக்கு லேசான மோதல், நாளைக்குப் பலத்த முறைப்பு."

சிங்கப்பூரில் இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். சுமத்ரா மிளகு தொங்காங் படகுகளில் சிங்கப்பூர் ஆற்றுக்கு வரும். சரக்கு வைக்கும் கிட்டங்கியில் புடைத்து, தரம் பிரித்து, உலகத்துக்கு அனுப்புவோம். இப்போது சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்துவிட்டதால் ஜகார்த்தா வியாபாரத்தை அறுத்துவிட்டது. அங்கே கிட்டங்கி காலி. வாங்குகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்ப, இங்கே விலை ஏறுகிறது. இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டால் பணம் மூன்றாவது நாட்டில் வந்து இறங்குகிறது. அது எப்போது கிளம்பிப் போகும் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கிட்டங்கியில்தான் என் மகனுக்கு வேலை. சும்மா உட்கார முடியவில்லை, தவுக்கே, அதான் சீன முதலாளி, படகுக்கு ஆள் கேட்கிறார் என்று எழுதியிருந்தான். என்ன படகென்று எழுதவில்லை. இந்தோனேசியக் கடற்படை கண்ணில் படாமல் அக்கரைச் சரக்கை ஏற்றிவரும் படகு, மாட்டினால் சுடுவார்கள். படித்ததும் நான் வீரமாக ஓடிப்போய் ஒரு மூட்டை அரிசி வாங்கிப்போட்டேன். "சண்டை பெரும்பாறைக்கா வருது?" என்றாள் மனைவி.

பக்கத்துத் தோட்டத்துக் கருப்பையா வந்தான். "அண்ணே, இன்னும் ரெண்டு மாசம் இழுத்துச்சுன்னா மக கல்யாணத்த வெரசா முடிச்சிருவேன்."

"ஏலே, உன் வீட்ல மேளம் கொட்ட அங்க குண்டு வெடிக்கணுமா?"

"குண்டு வேணாம்ணே. இப்படியே முறைச்சுக்கிட்டு இருந்தாப் போதும்."

போன வருஷம் விலை விழுந்து அந்தப் பெண்ணின் சம்பந்தம் தட்டிப்போனது எனக்குத் தெரியும்.

தைப்பூசத்துக்கு இருவரும் பழனிக்கு நடந்தோம். முதல் பறிப்பு மிளகை உண்டியலில் போட்டு, விலை நிற்க வேண்டிக்கொள்வது கருப்பையாவின் வழக்கம். படியேறும்போதுதான் உறைத்தது: இதே நாளில் சிங்கப்பூரில் என் மகனும் முருகன் முன்னால் நிற்பான், படகேறாமல் இருந்தால். கடல் வழி திறக்கட்டும் என்று கேட்பான். இங்கே இவன் திறக்காதிருக்கட்டும் என்கிறான். சாமி ஒன்றுதான்.

"நீங்களும் போடுங்கண்ணே" என்று என் கையில் ஒரு பிடி மிளகை வைத்தான். உண்டியல் வந்தது. கூட்டம் தள்ள, மூடிய கையோடு தாண்டிவிட்டேன்.

"என்னண்ணே வேண்டிக்கிட்டீங்க?" என்றான், வெளியே வந்ததும்.

கையை விரித்தேன். வியர்வையில் நனைந்து, அத்தனை மிளகும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.