நடுவில் தைக்காமல் விட்டது

பழைய நூல் சேலையைக் குறுக்கே கிழிக்கும்போது ஒரு சத்தம் வரும். கரையைப் பல்லால் கடித்துச் சின்னதாக ஒரு வாய் வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் "சர்ர்ர்" என்று எதிர்க் கரை வரைக்கும் ஒரே மூச்சில் போகும். போகும்போதே கஞ்சி வாசமும் பாச்சை உருண்டை வாசமும் கலந்த தூசி எழும்பி மூக்கில் ஏறும். ஒன்பதாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்திய வருஷம் எங்கள் வீட்டில் கேட்டதெல்லாம் இந்தச் சத்தம்தான். இன்றைக்கும் ஜவுளிக்கடையில் யாராவது துணியைக் கிழித்துக் கொடுத்தால் நான் வாசலுக்கு வந்து நின்றுகொள்கிறேன்.

அரிமளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். உடுத்தி நைந்த நூல் சேலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தைப்பதை எங்கள் தெருவில் "சேலை மெத்தை" என்பார்கள். மெத்தை என்று பேரே தவிர உள்ளே பஞ்சு கிடையாது. மேலுக்கும் கீழுக்கும் கிழிசல் இல்லாத துணி, நடுவில் நைந்துபோன துண்டுகள், அவ்வளவுதான். பாய் மேல் விரிக்கலாம், மார்கழியில் போர்த்திக்கொள்ளலாம். தைப்பதற்கு ஒரு முறை உண்டு. ஓரத்தில் ஆரம்பித்து நாலு பக்கமும் ஓட்டுத் தையல் போட்டு ஒரு சுற்று வர வேண்டும், அதற்குள்ளே இன்னொரு சுற்று, அதற்குள்ளே இன்னொன்று என்று, கோடையில் குளத்துத் தண்ணீர் உள்வாங்குகிற மாதிரி உள்ளே போய்ப் போய் நடுவில் முடிக்க வேண்டும். நடு தைக்காத மெத்தையை விரித்துப் படுக்கலாம், ஒன்றும் தெரியாது. தண்ணீரில் மட்டும் போடக் கூடாது. போட்டு அலசினால் உள்ளே இருக்கிற நைந்த துண்டெல்லாம் பிடிமானம் இல்லாமல் சுருண்டு, பந்து மாதிரி அடைந்துவிடும்.

அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அம்மாவிடம் யாரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வந்து சேரும் வரைக்கும் வாயே திறக்கவில்லை என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அந்த வாரமே தகரப் பெட்டியை இழுத்துப்போட்டு, மாற்றிக் கட்ட வேண்டியதை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு, மற்ற சேலைகளை எல்லாம் கிழிக்க உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றையும் மூன்றாகக் கிழித்தாள். எனக்கு ஒன்று, ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த தம்பி முருகேசனுக்கு ஒன்று, அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகிய சுதாவுக்கு ஒன்று. கத்தரிப்பூக் கலர் சேலை மூன்று பேருக்கும், கட்டம் போட்டது மூன்று பேருக்கும். யாருக்கும் ஒரு துண்டு கூடிவிடக் கூடாது, குறைந்துவிடக் கூடாது.

சமைக்கவும் சுதாவைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் ஆள் வேண்டும் என்றுதான் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். டீச்சர் ஒரு தரம் வீடு தேடி வந்தார். அம்மா படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மா எப்போதுமே ஒரு வேலையை மட்டும் பார்த்தவள் கிடையாது. புளி ஆய்ந்துகொண்டே நெல் அவிப்பாள், நடுவில் எழுந்து போய் ஆட்டை மாற்றிக் கட்டிவிட்டு வருவாள். மெத்தையையும் அப்படித்தான் தைத்தாள். என்னுடையதில் ஒரு சுற்று முடிந்ததும் மடித்து வைத்துவிட்டு முருகேசனுடையதை எடுப்பாள், அதில் ஒரு சுற்று, பிறகு சுதாவுடையது, திரும்பவும் என்னுடையது. அப்பாவின் அக்கா, நாங்கள் "அயித்தை" என்று கூப்பிடுகிறவர், இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். அவர் இதற்கு நேர்மாறு. களையெடுக்கப் போனால் பிடித்த பாத்தியை முடிக்காமல் நிமிர மாட்டார், சோற்றில் கை வைத்தால் தட்டைக் கழுவும் வரைக்கும் பேச மாட்டார். தினமும் மத்தியானம் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தார். மூன்று அடுப்பில் மூன்று உலை வைத்து மூன்றையும் வேகாமல் இறக்கப் போகிறாயா என்றார். அம்மாவும் சிரித்துக்கொண்டே, ஒரு பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு மற்றதுகளை வேடிக்கை பார்க்கவா சொல்கிறீர்கள் என்று கேட்டாள். அம்மாவுக்கு இடது கை வீங்க ஆரம்பித்த பிறகு கேலி நின்றுவிட்டது. அம்மாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு முடியைக் கோதிக்கொண்டிருந்தபோது அத்தை சொன்னதை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன்.

"ஏத்தா, ஒண்ணையாச்சும் முழுசா முடிச்சுப் பெட்டியில வையி. மூணும் அந்தரத்துல நிக்குது."

அம்மா சாதாரணமாக, கடையில் என்ன வாங்கி வரச் சொல்லலாம் என்று கேட்பது மாதிரி கேட்டாள்.

"எதை மொதல்ல முடிக்கட்டும் மதினி? நீங்களே சொல்லுங்க."

அத்தை முடியைக் கோதுவதை நிறுத்திவிட்டார். நான் எட்டிப் பார்த்தபோது ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அத்தை சொன்ன "முடிச்சு" என்ற சொல்தான் பயமாக இருந்தது. சின்ன வயதிலிருந்தே கவலைப்படுகிற புத்தி எனக்கு. ஆடு வரக் கொஞ்சம் நேரமானாலும் கண்மாயில் விழுந்துவிட்டதோ என்று நினைக்கிறவள். மெத்தை முடிந்தால் அம்மா போய்விடுவாள் என்று எப்படியோ மனதுக்குள் பதிந்துவிட்டது. தைக்காத நடுவிடம் பெரிதாக இருக்க இருக்க அம்மாவுக்கு நாள் இருக்கிறது என்று அர்த்தம். அதனால் அவள் ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு வரும். நடுவிடம் முறம் அளவுக்குக் குறுகி, பிறகு தாம்பாளம் அளவுக்கு வந்தது. அதற்குள் அவள் விரலுக்கு அத்தனை துணியில் ஊசியைத் தள்ள வலுவில்லை. நெல்மணி போல நெருக்கமாக விழுந்த தையல் நீள நீளமாகக் கோணிக்கொண்டு போனது. கொடு, ஒன்றை நான் தைக்கிறேன் என்று அத்தை கையை நீட்டினார். "நீங்க தச்சா அது நீங்க தச்சதா ஆயிரும் மதினி," என்று சொல்லி அம்மா கொடுக்கவில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலையில் அம்மா போனாள். முருகேசனுடைய மெத்தை மடியில் கிடந்தது, ஊசி துணியிலேயே குத்தியிருந்தது. நடுவிடம் மூன்றிலுமே மிச்சம் இருந்தது; நான் கணக்குப் போட்டது பொய்யாகிவிட்டது.

இறந்தவர்கள் கட்டிய துணியை எங்கள் பக்கம் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை, துணி வெளுக்கிறவர் வந்து வாங்கிக்கொண்டு போவார். வந்தவர் மெத்தைகளைப் பார்த்து இதையும் எடுத்துக்கொள்ளவா என்று கேட்டார். அப்பா மூன்றையும் நெஞ்சோடு தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தார். மிச்சத்தை நானே தைத்து முடித்துக் கொடுக்கிறேன் என்று அத்தை சொன்னதற்குத்தான் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னார்.

"அவ விட்ட எடத்துல வேற யாரும் ஊசி வைக்க வேணாம்க்கா."

பாசத்தில் சொன்னதுதான். அதுதான் மூன்றையும் அழித்தது.

முருகேசனுக்கு அடுத்த வருஷமே மஞ்சள் காமாலை வந்து, மெத்தையெல்லாம் வாந்தி. அலசாமல் வேறு வழியில்லை. உலர்ந்ததும் நடுவில் தேங்காய் அளவுக்குத் துணி உருண்டு நின்றது. அவன் அந்த உருண்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தான். பிறகு அவன் சவூதிக்குப் போன காலத்தில் எலி கடித்து, எடுக்கும்போதே பொடிப் பொடியாக உதிர்ந்தது. சுதா கல்யாணமாகி மணமேல்குடிப் பக்கம் போகும்போது தன்னுடையதைக் கொண்டு போனாள். அவள் வெளியே போயிருந்த நேரத்தில், அழுக்காகக் கிடக்கிறதே என்று மாமியார் நல்ல எண்ணத்தில் வாஷிங் மெஷினில் போட்டுவிட்டார். "அக்கா, பிரிச்சா ஒரு சேலைகூட சேலையா இல்லக்கா," என்று போனில் அழுதாள். அம்மாவின் முகம் அவளுக்கு ஞாபகம் இல்லை. வீட்டில் ஒரு போட்டோவும் கிடையாது.

என்னுடையதை நான் தண்ணீரில் போட்டதே இல்லை. வெயிலில் காயவைத்துத் தட்டி மடித்து வைப்பேன், மழை இருட்டினால் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். புயல் அடித்த வருஷம் ஓடெல்லாம் பறந்து, வீடு முழுக்கத் தண்ணீர். மறுநாள் பரண் மேலிருந்து எடுத்தபோது மெத்தை ஆள் கனம் கனத்தது. அதற்குப் பிறகும் வெயில் வரவில்லை. பிழிந்த இடமெல்லாம் கையோடு வந்தது, மிச்சம் பூசணம் பிடித்துக் கறுத்தது. அத்தை அப்போது என்னோடு இருந்தார், கண் பார்வை மங்கிவிட்டது. கையால் தடவிப் பார்த்துவிட்டு, அத்தனை வருஷமாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னார்.

"சுதாவோடதை முடின்னு சொல்லியிருக்கணும்டி. அதுக்குத்தான் ஆத்தா நெனப்பே இருக்காதுன்னு எனக்குத் தெரியும். நீ அடுப்படியில நின்ன. ஒன்னைய வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது."

சொல்லியிருந்தால் எனக்கு என்னவாகியிருக்கும் என்று பல தடவை யோசித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், கஞ்சி வைத்துக் கொடுத்தவள் நான், எனக்கு இல்லையா என்று வெந்திருப்பேன். ஆனாலும் அத்தை நினைத்தது சரிதான். என்னுடைய மெத்தை போனாலும் அம்மா எப்படிச் சிரிப்பாள், ஊசியில் நூலை எப்படி எச்சில் தொட்டுக் கோர்ப்பாள் என்பதெல்லாம் எனக்கு இருக்கிறது.

அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது நூல் சேலை கட்டுகிறவர்களும் குறைவு, கிழித்தால் அந்தச் சத்தம் வருகிற துணியும் குறைவு. எனக்கு மார்பில் சின்னதாக ஒரு வலி வந்தாலும் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறேன். ஒன்றும் இல்லை என்று ஒவ்வொரு தரமும் சொல்லி அனுப்புகிறார்கள், எனக்குத்தான் நம்பிக்கை வருவதில்லை. மழைக்காலம் வந்தால் சுதா போன் பண்ணுவாள். பிள்ளைகளை விசாரிப்பாள், கண்மாய் நிறைந்ததா என்பாள், கடைசியில், வைப்பதற்கு முன்னால், "அக்கா, ஒன்னோடது பத்திரமா இருக்குல்ல?" என்று கேட்பாள்.

"இருக்குடி," என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.